பெருங்களத்தூரில் ஓடும் பாட்டு

தோசைக்கல்லில் மாவை ஊற்றி வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தபோது பாட்டு நின்றுபோனது. வரி முடிந்து நிற்கவில்லை. பாதிச் சொல்லில், வெடுக்கென்று.

வினிதா கரண்டியை மாவுப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு, உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்தாள். திரையின் அடியில் சின்னதாக ஒரு வரி வந்திருந்தது.

'கடல்' கருவியில் ஒலிக்கிறது.

தோசை கருகும் வாசனை வந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கே என்ன பாட்டு ஓடுகிறது என்று பார்த்தாள். மழைப் பாட்டு. தை மாத வெயிலில் மழைப் பாட்டு கேட்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

அந்தப் பாட்டு ஆப்பில் ஒரு சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு. அங்கே ஆரம்பித்தால் இங்கே நிற்கும், இங்கே ஆரம்பித்தால் அங்கே நிற்கும். மற்றவர்களுக்கு இது எரிச்சல். வினிதாவுக்கு, புருஷனின் போனான 'கடல்' அனுப்பும் தினசரித் தபால் இதுதான். அவன் எழுந்துவிட்டான், காரை எடுத்துவிட்டான், கடைக்குப் போகிறான். இதற்குமேல் புருஷனைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிய வழியில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் கல்யாணம். பிடித்துப்போய்ச் செய்துகொண்டது. ஆடி பிறந்ததும் அப்பா சம்பத் முறைப்படி போய்ப் பெண்ணை மாடம்பாக்கத்துக்கு அழைத்து வந்தார். மாப்பிள்ளை வினோத்குமார் பெருங்களத்தூரில் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் வேலை பார்க்கிறவன். ஆடி விருந்துக்கு வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. தன் கையால் பலகை அறுத்து, இழைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டுச் செய்த இரண்டு ஸ்பீக்கர்களை மாமனார் வீட்டுக்கென்று தூக்கிக்கொண்டு வந்தான். சம்பத் ஒரு தரம் பார்த்தார். "மாடிப்படிக்கு அடியில வைங்க" என்றார். வினோத் வைத்தான். இலையில் உட்கார்ந்தான். சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டுப் போனான்.

ஆடி முடிந்தது. மாப்பிள்ளை வந்து பெண்ணை அழைத்துப்போவதுதான் முறை என்றார் சம்பத். வினோத்தின் அம்மா முத்தாலம்மாள், கோவளம் பக்கம் மீன் விற்கிறவள், பெண்ணைப் பெற்றவன் சீர் வைத்துக் கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் பக்கத்து முறை என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு முறைக்கும் நடுவில் ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. தலை தீபாவளியும் மாப்பிள்ளை இல்லாமலே போயிற்று. அவனுக்கு எடுத்த வேட்டி பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

இத்தனைக்கும் மாடம்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூருக்கு ஒரு ஆட்டோ தூரம்தான்.

அப்படியானால் வினிதா ஏன் போகவில்லை? அதைத்தான் அவளும் தினம் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அன்றைக்கு ஸ்பீக்கரைப் படிக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்குப் பயந்து தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து, அவள் பேசட்டும் என்று அவன் இருந்தான். அவன் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். கார்த்திகைக்குள் 'சாப்பிட்டியா' என்று வருகிற மெசேஜும் நின்றுவிட்டது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே, "ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு சந்தா?" என்று தன் கணக்கின் பாஸ்வேர்டை அவள் காதில் சொல்லியிருந்தான் வினோத். அதை இன்றுவரை அவன் மாற்றவில்லை. மாற்ற மறந்தானா, மனசு வரவில்லையா? மார்கழியில் அவள் காய்ச்சலில் படுத்து ஒருநாள் பூராவும் போனைத் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால், அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்றே 'கடல்' கருவியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் இந்தத் தை வரைக்கும் வந்திருக்கிறாள்.

"வினிதா! தோச இன்னா கரியாவுது? ஆளு எங்க கீற?"

ஹாலிலிருந்து அப்பா. அவள் தோசையைச் சுரண்டி எடுத்தாள்.

*

ஹாலில் அன்று விசேஷம். தம்பி மோகன்ராஜ் ஆர்டர் போட்டிருந்த பெட்டி வந்து இறங்கியிருந்தது.

ஆசையெல்லாம் அப்பாவுடையது. பங்காளி துளசிங்கம் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெருங்களத்தூரில் புது அபார்ட்மென்டுக்குக் குடிபோனார். கிரகப்பிரவேசத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து சம்பத்துக்கு நிலைகொள்ளவில்லை. "ஹால்ல பாடுது. சமையல்கட்டுல பாடுது. பாத்ரூம் போனா அங்கியும் பாடுது. நமக்கு இன்னாடா கொறச்சல்?"

மோகன்ராஜ் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். எதை வாங்கினாலும் வாரக்கணக்கில் படித்து, பத்து வீடியோ பார்த்து, நாலு பேரைக் கேட்டுத்தான் வாங்குவான். அப்படியும் தப்பாகத்தான் வாங்குவான்.

முதலில், சொன்னதைக் கேட்கும் உருண்டை ஸ்பீக்கர் ஒன்றைச் சிநேகிதன் வில்பிரட் வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்தான். சம்பத் அதன் எதிரில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெண் குரல் பேசுகிறதே, மரியாதை வேண்டாமா?

"முருகர் பாட்டு ஒண்ணு போடும்மா" என்றார்.

அது ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

"இன்னாடா சொல்லுது?"

"இன்னிக்கு மழை வராதுன்னு சொல்லுதுப்பா."

"மழ வருமா வராதான்னு எனக்கே சொல்லுதா?" இருபது வருஷம் நெல் போட்ட மனிதருக்கு அது பொறுக்கவில்லை. உருண்டை அன்று மாலையே வில்பிரட் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

அடுத்தது, டிவிக்குக் கீழே வைக்கிற நீளக் கட்டை. "அது டிவி பாக்கறவங்களுக்கு. பாட்டுக்கு மட்டம்" என்று மோகனே தள்ளிவிட்டான். கடைசியில் நெட்டிலிருந்து நேராகப் பாட்டை இழுக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் நம் ஹாலுக்கு லாயக்கு என்று முடிவு செய்து அதைத் தருவித்திருந்தான்.

வினிதா தோசைத் தட்டோடு வந்தபோது பெட்டியைப் பிரித்து முடித்திருந்தார்கள். உள்ளேயிருந்து டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக ஒன்று வெளியே வந்திருந்தது.

"இன்னாடா, இம்மாத்துண்டு கீது? இதுவா ஹால் பூரா பாடப்போவுது?"

"இது பாடாதுப்பா. இது பாட்ட வாங்கி ஸ்பீக்கருக்குக் குடுக்கும்."

"சரி. ஸ்பீக்கர் எங்க?"

மோகன்ராஜ் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். தெர்மாகோல்தான் விழுந்தது.

"கூடவே வரும்னு நெனச்சேன்."

"ஏரு வாங்கிட்டு மாடு வாங்காம வந்து நிக்கறியேடா!"

மோகன்ராஜ் தலையைச் சொறிந்தான். அக்காவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"ஸ்பீக்கர் நம்ம வீட்லயே இருக்குப்பா. மாடிப்படிக்கு அடியில."

சம்பத் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார். வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அம்மா சாமுண்டீஸ்வரி இருந்திருந்தால் இந்த இடத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவள் விடிந்ததும் கூடுவாஞ்சேரிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டாள். போகிற இடத்தில் கேள்வி வரும் என்று வினிதா கூடப் போகவில்லை.

"அது வேல செய்யுமா?" என்றார் சம்பத் கடைசியாக.

"செய்யும்" என்றாள் வினிதா. கேட்ட வேகத்தைவிடப் பதில் வந்த வேகம் அதிகமாக இருந்தது.

*

பழைய கோணிச் சாக்கை விலக்கினால், பெட்டிகள் இரண்டும் வைத்தபடியே இருந்தன. வினிதா துப்பட்டா முனையால் துடைத்தாள். தூசிக்கு அடியிலிருந்து பாலிஷ் வாசனை மெல்ல வந்தது. அவ்வளவுதான், ஆனி மாதத்துப் பெருங்களத்தூர் பால்கனி கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பான். புருவத்திலும் இமையிலும் மரத்தூள் படிந்திருக்கும். "கண்ண மூடு" என்று சொல்லி அவள் ஊதிவிடுவாள். மூடின கண்ணோடு அவன், "உங்கப்பாவுக்குப் புடிக்குமா?" என்று கேட்பான். ஒரு நாளில் நாலு தரம் கேட்பான்.

பார்க்கவேண்டும் போலிருந்தது. பேசவேண்டாம், சமாதானம் ஆகவேண்டாம், அந்த இமையை ஒரு தரம் பார்த்தால் போதும் போலிருந்தது.

"அக்கா, அந்தப் பக்கம் புடி" என்றான் மோகன்.

சிவப்பு வயர், கறுப்பு வயர் எல்லாம் மாட்டியாயிற்று. முதலில் சம்பத்தின் பென் டிரைவைச் செருகினார்கள். கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறவரிடம் வாங்கியது. முதலில் வந்தது நாதஸ்வரம்.

வந்தது என்றால், ஹாலுக்குள் ஆளே வந்து உட்கார்ந்த மாதிரி வந்தது. சம்பத் தோசைக் கையைக் கழுவாமலே நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"டேய், நாயனக்காரரு மூச்சு இழுக்கறது கேக்குதுடா."

"ஆமாப்பா."

"துளசிங்கம் வூட்ல இது கேக்கல."

அவர் பார்வை ஆம்ப்ளிஃபயர்மேல் இல்லை, மரப்பெட்டிகளின் மூலைப் பொருத்தத்தில் இருந்தது. இடுக்கே தெரியாத பொருத்தம். வினிதா அதைக் கவனித்தாள். அவளுக்கு வந்தது சந்தோஷமா, கோபமா? இரண்டும்தான்.

"பென் டிரைவ்ல இருக்கறதெல்லாம் காப்பிக்குக் காப்பிப்பா. ஆப்ல போட்டா இன்னும் சுத்தமா வரும்" என்றான் மோகன். "அக்கா, உன் போன்லதான் ஆப் இருக்குல்ல?"

"வேணாம் மோகன்." வினிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா பாட்டெல்லாம் பென் டிரைவ்லயே இருக்கே. அதுவே போதும்."

"ரெண்டே நிமிஷம்க்கா."

"உனக்குன்னு ஒரு சந்தா போட்டுக்கோ. என்னுத தொடாத."

இங்கே ஹாலில் பாட்டு ஓடினால் அங்கே நின்றுபோகும். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் எல்லாம் சொல்லவேண்டி வரும். "காப்பி கொண்டாரேன்" என்று சமையல்கட்டுக்குப் போனவள், போனை டீப்பாயிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

தம்பிகள் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் உலகத்தில் பாதிச் சண்டை நடந்திருக்காது.

பால் பொங்கும்போது ஹாலில் பாட்டு கேட்டது. பென் டிரைவ் பாட்டு இல்லை. வினிதா அடுப்பை அணைத்தாள். பாட்டு நின்றது. அப்பாடா என்பதற்குள் திரும்ப ஆரம்பித்தது. திரும்ப நின்றது. பெருங்களத்தூரில் ஒருத்தன் தன் பாட்டை இழுக்கிறான், இங்கே தம்பி பதிலுக்கு இழுக்கிறான். அவன் என்ன நினைப்பான்? இத்தனை மாதத்தில் அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தரம்கூட அவள் குறுக்கே போனதில்லை.

"அக்கா!" மோகனின் குரல் வெற்றியோடு வந்தது. "உன் பாஸ்வேர்ட எவனோ திருடிட்டான். 'கடல்'னு ஒருத்தன். நாம போடப் போட நிறுத்தறான். நீ கவலப்படாத, ஒரே அமுக்கு. எல்லாக் கருவியிலேர்ந்தும் வெளிய தள்ளிட்டேன்."

வினிதா இரண்டு கையிலும் டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"என்ன பண்ணின?"

"எல்லாத்தையும் லாக்அவுட் பண்ணிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டா இனிமே அவனால உள்ள வர முடியாது."

"மோகன்." குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. "யாரும் திருடல. அது அவரோட கணக்கு. நான்தான் அதுல கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"எவரோட?"

அவள் மரப்பெட்டிகளைப் பார்த்தாள். மோகன்ராஜின் முகம் மெல்ல மாறியது. "ஐயோ" என்றான். "மாமாவோடதா?"

சம்பத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

*

டம்ளர்களை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. போன் கையில் இருந்தது. திரை பாஸ்வேர்ட் கேட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன அன்று அவன் காதில் சொன்ன சொல். ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கணக்கு திறந்தது.

மோகன்ராஜ், செய்த தப்புக்குப் பரிகாரம்போல, ஆம்ப்ளிஃபயரையும் திரும்ப அதில் சேர்த்துக் கொடுத்தான். பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவள் போன். இன்னொன்று, மோகன் பெருமையாகப் பேர் வைத்திருந்த 'மாடம்பாக்கம் ஹால்'.

'கடல்' இல்லை.

கீழே தள்ளிப் பார்த்தாள், மேலே தள்ளிப் பார்த்தாள். இருந்த இடமே தெரியவில்லை. பாஸ்வேர்ட் அவனிடம் இருக்கிறது, ஆனால் வெளியே தள்ளப்பட்டவன் திரும்ப வருவானா? இனி காலையில் தோசை ஊற்றும்போது பாட்டு நிற்காது. நாள் பூராவும், இரவு பூராவும், எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். யாரும் நிறுத்தமாட்டார்கள். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா எதிரில், தம்பி எதிரில், அடக்கமுடியாமல் அழுதாள்.

"போன் போடு" என்றார் சம்பத்.

போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

"திரும்பப் போடு."

அதுவும் அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. ஏன் எடுப்பான்? அவனைப் பொறுத்தவரை, பெண்டாட்டி அவனை அவன் கணக்கிலிருந்தே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள்.

"எத்தினி நாளா இது?" என்றார் சம்பத்.

"ஆவணியிலேர்ந்து."

"தெனமுமா?"

"தெனமும்தான்பா."

சம்பத் எழுந்தார். ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்று, மேல்பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

"அன்னிக்கு ஹால்ல பெயின்ட்டு ஈரமா இருந்துச்சி" என்றார். "அதான் படிக்கு அடியில வெக்க சொன்னேன். காஞ்சப்புறம் எடுத்து வெக்கலாம்னுதான்."

ஆடி விருந்துக்கு ஒரு வாரம் முன்பே பெயின்ட் காய்ந்துவிட்டது வினிதாவுக்குத் தெரியும். இதற்குமேல் அவர் வாயிலிருந்து வராது என்பதும் தெரியும். இதுவே அவருக்கு மலையைப் புரட்டின வேலை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோவைத் திறந்தாள். தீபாவளி வேட்டியை எடுத்து ஒரு பையில் வைத்தாள். வேறெதுவும் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது சம்பத் அவள் கையிலிருந்த பையைத்தான் பார்த்தார்.

"நான் போறேன்பா."

"மொற இன்னான்னா..." என்று ஆரம்பித்தார் சம்பத். பழக்கதோஷம். பாதியில் தானே நிறுத்திக்கொண்டார். "அம்மா வந்துரட்டும். தட்டு வெச்சி, நல்ல நேரம் பாத்து, நானே கொண்டாந்து..."

"வேணாம்பா. நீங்க கொண்டுவந்து விடவும் வேணாம், அவர் வந்து கூப்பிடவும் வேணாம். நானே போய்க்கிறேன். போன் எடுக்கலன்னா அவர் கடை வாசல்ல நிக்கறேன்."

சொல்லி முடித்தபின்தான், இதை ஆவணியிலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அப்போதும் இதே அப்பாதான், இதே ஆட்டோதான். சொல்ல வாய்தான் இல்லாமல் இருந்தது.

"ஆட்டோ புக் பண்ணட்டாக்கா?" என்றான் மோகன்ராஜ். அவன் குரலில் அழுகை இருந்தது.

"பண்ணு."

வாசலில் செருப்பைத் தேடினாள். ஒரு காலை நுழைத்தாள். அடுத்த செருப்பு அப்பாவுடைய ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்தாள்.

ஹாலில் பாட்டு ஆரம்பித்தது.

காலையில் தோசைக்கல் முன்னால் நின்றுபோன அதே பாட்டு. முதலிலிருந்து வரவில்லை. எந்தச் சொல்லில் அறுந்ததோ, அந்தச் சொல்லின் மிச்சத்திலிருந்து வந்தது. அவன் செய்த பெட்டியிலிருந்து, அப்பாவின் ஹாலுக்கு நடுவில், நிறுத்தி நிதானமாக வந்தது.

சம்பத் மோகனைப் பார்த்தார். மோகன்ராஜ் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "நான் தொடலப்பா! சத்தியமா தொடல!"

வினிதா போனைப் பார்த்தாள். பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. 'கடல்' திரும்பி வந்திருந்தது. அடியில் அந்தச் சின்ன வரியும் இருந்தது.

'மாடம்பாக்கம் ஹால்' கருவியில் ஒலிக்கிறது.

காலையில் தன்னால் நின்ற இடத்தை அவனும் பார்த்து வைத்திருக்கிறான். பேரைப் பார்த்திருக்கிறான். எந்த ஹால் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் போட்டிருக்கிறான்.

சம்பத் தொண்டையைச் செருமினார். ஆடியிலிருந்து அந்த வீட்டில் மருமகனை 'அவன்' என்ற சொல்லைத் தவிர வேறு சொல்லால் குறிப்பிடாத மனிதர், இப்போது மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள எங்கேர்ந்துடா போடறாரு?"

"எங்கேர்ந்து வேணும்னாலும் போடலாம்பா. கடையிலேர்ந்து போடலாம்." மோகன்ராஜ் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தான். "நம்ம கேட்டுக்கு வெளிய நின்னும் போடலாம்."

வினிதா அடுத்த செருப்பைத் தேடவில்லை. ஒரு கால் செருப்போடு கேட்டை நோக்கி நடந்தாள்.